தூசிக்கு என்ன விலை?

சில மாதங்களுக்கு முன்னர் எனது கைத்தொலைபேசி சார்ஜ் ஏறாமல் நின்றுவிட்டது. முதலில் கேபிளைச் சற்றுச் சரித்துப் பிடித்தால் ஏறியது. பிறகு அதன் மேல் ஒரு புத்தகத்தை வைத்து அழுத்தினால் மட்டும் ஏறியது. ஒரு நாள் காலையில் அந்த வித்தையும் பலிக்கவில்லை. வங்கிக் கணக்கு, கடைக்கான ஓடர்கள், பிள்ளைகளின் பாடசாலைச் செய்திகள் என்று எல்லாமே இன்று அந்தச் சிறிய பெட்டிக்குள்தான் இருக்கின்றன. பதறிப்போய்க் கொழும்பிலே குளிரூட்டப்பட்ட ஒரு கடைக்குள் நுழைந்தேன்.

அங்கிருந்த இளைஞர் கேபிளைச் செருகினார், ஆட்டிப் பார்த்தார், எடுத்தார். "சார்ஜிங் போர்ட் போயிட்டு சேர். மாத்தத்தான் வேணும். 7,500 ரூபா ஆகும். வெச்சிட்டுப் போனா நாளைக்குப் பின்னேரம் தரலாம்" என்றார். ஒரு நாள் முழுவதும் தொலைபேசியை விட்டுவிட்டு இருக்க முடியாத நிலை. ஆகவே திருப்பி வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

அன்று மஃரிபுக்குப் பின்னர் எங்கள் ஊர்ச் சந்தியில் உள்ள சிறிய கடைக்குப் போனேன். அந்தத் தம்பி கேபிளைத் தொடவே இல்லை. முதலில் டோர்ச் வெளிச்சத்தைத் துளைக்குள் அடித்துப் பார்த்தார். தொலைபேசியை முழுமையாக அணைத்தார். பல் குத்தும் மரக்குச்சி ஒன்றை பிளேட்டால் மெல்லியதாகச் சீவி, துளையின் அடிப்பகுதியை மெதுவாகத் துழாவினார். சாம்பல் நிறத்தில், பஞ்சை அமுக்கி வைத்தது போன்ற ஒரு கட்டி வெளியே வந்தது. சட்டைப் பையின் நூல் தும்பும் தூசியும் சேர்ந்து இறுகிய கட்டி அது. கேபிளைச் செருகினார். 'டக்' என்று உட்கார்ந்தது. சார்ஜ் ஏறத் தொடங்கியது. எல்லாம் ஐந்து நிமிட வேலை.

"எவ்வளவு தம்பி?"

"என்னத்துக்கு நானா காசு? ஒரு சாமானும் மாத்தல்லயே. வெறும் தூசிதானே."

மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன். ஆனால், அந்தப் பதில் மட்டும் மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. ஒருவர் தேவையில்லாத வேலைக்கு 7,500 ரூபா கேட்டார். மற்றவர் தேவையான வேலையைச் செய்துவிட்டு, அதற்கு விலையே இல்லை என்றார். இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகங்கள் என்பதே எனது கருத்து. நாம் சாமானுக்குத்தான் விலை போடுகிறோம். அறிவுக்கு விலை போடுவதில்லை.

துளைக்குள் நடப்பது என்ன?

முன்னர் நொக்கியா காலத்தில் சார்ஜரின் முனை ஒரு மெல்லிய வட்டக் குழாயாக இருந்தது. பின்னர் ஐந்து தொடுகைகள் கொண்ட மைக்ரோ யூஎஸ்பி வந்தது. 2014 இல் அறிமுகமான யூஎஸ்பி சி தான் இன்று பெரும்பாலான தொலைபேசிகளில் இருக்கிறது. ஐபோன்களும் 2023 இல் வெளியான 15 ஆம் வரிசையிலிருந்து அதற்கு மாறிவிட்டன.

யூஎஸ்பி சி துளையின் நடுவே ஒரு மில்லிமீற்றரை விட மெல்லிய நாக்குப் போன்ற தகடு இருக்கிறது. அதன் மேற்பக்கத்தில் 12, கீழ்ப்பக்கத்தில் 12 என மொத்தம் 24 தொடுகைகள். தொலைபேசியைப் பையில் போடும்போது நூல் தும்புகள் உள்ளே போகின்றன. ஒவ்வொரு முறை கேபிளைச் செருகும்போதும் நாமே அவற்றை உள்ளே இடித்துக் கெட்டியாக்குகிறோம். நாளடைவில் கேபிள் கடைசி வரை போக இடமில்லாமல் போகிறது. தொடுகைகள் சரியாக முட்டுவதில்லை. சிலவேளை சார்ஜ் விட்டு விட்டு ஏறும். சிலவேளை வேகமாக ஏற வேண்டியது ஆமை வேகத்தில் ஏறும். கடைசியில் நின்றே விடும். கெட்டுப்போனது எதுவும் இல்லை. வழி அடைபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்வது எப்படி?

முதலில் வேறொரு நல்ல கேபிளையும் சார்ஜரையும் போட்டுப் பாருங்கள். பழுது பல நேரங்களில் அங்கேதான் இருக்கும். தொலைபேசியை ஒரு முறை அணைத்துத் திரும்பப் போடுங்கள். வயரில்லாமல் சார்ஜ் ஏறும் வசதி உங்கள் தொலைபேசியில் இருந்தால் அதிலும் வைத்துப் பாருங்கள். அதில் ஏறி, கேபிளில் ஏறாவிட்டால், பெட்டரியில் பிழை இல்லை. சந்தேகம் துளையின் மேல்தான். அடுத்து, கேபிள் முழுமையாக உட்காருகிறதா என்று பாருங்கள். முனைக்கும் தொலைபேசிக்கும் இடையில் வழமையை விட இடைவெளி தெரிந்தாலோ, கேபிள் இலேசாகக் கழன்று விழுந்தாலோ உள்ளே தும்பு இருக்க வாய்ப்பு அதிகம்.

சுத்தம் செய்வதானால் தொலைபேசியை அணைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில், மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன மெல்லிய குச்சியைப் பயன்படுத்துங்கள். துளையின் ஓரமாக விட்டு, அடியில் உள்ளதை வெளிப்பக்கமாக இழுத்து எடுக்க வேண்டும். நடுவிலுள்ள நாக்கை நெம்பக் கூடாது. ஊசி, குண்டூசி, சேஃப்டி பின் எதுவும் வேண்டாம். அவை தொடுகைகளைச் சுரண்டிவிடும், நாக்கையும் உடைத்துவிடும். 500 ரூபாவில் முடிய வேண்டியது உண்மையாகவே 7,500 ரூபா வேலையாக மாறுவது அப்போதுதான். வாயால் ஊதவும் வேண்டாம். ஊதும்போது எச்சிலின் ஈரமும் சேர்ந்து போகும். தண்ணீர் பட்ட தொலைபேசியை அரிசிக்குள் புதைக்கும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அரிசித் துகள்கள் தொலைபேசிக்குச் சேதம் விளைவிக்கலாம் என்று அப்பிள் நிறுவனமே 2024 இல் தனது பாவனையாளர்களுக்கு அறிவுறுத்தியது.

துளைக்குள் பச்சை நிறம் படிந்திருந்தால், எரிந்த வாடை வந்தால், தொலைபேசி வீங்கியிருந்தால் கை வைக்க வேண்டாம். கடலோர ஊர்களின் உப்புக் காற்றும் ஈரமும் தொடுகைகளை அரிக்கக்கூடியவை. வீங்கிய பெட்டரியோ ஆபத்தானது. அங்கே கைதேர்ந்தவர்தான் தேவை.

கண்டுபிடிக்க முடியாத பொய்

இப்போது வியாபாரத்துக்கு வருவோம். நான் அந்த முதல் கடையில் 7,500 ரூபாவைக் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மறுநாள் தொலைபேசி நன்றாக வேலை செய்திருக்கும். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்திருப்பேன். உண்மையில் போர்ட்டை மாற்றினார்களா, தும்பை எடுத்துவிட்டு மாற்றியதாகச் சொன்னார்களா என்பது எனக்கு ஒருபோதும் தெரிய வந்திருக்காது. அந்த இளைஞர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. உள்ளே பாராமலே அப்படி நம்பியிருக்கவும் கூடும். ஆனால் வாடிக்கையாளரால் கண்டுபிடிக்க முடியாத இடத்தில்தான் வியாபாரியின் நாணயம் சோதிக்கப்படுகிறது. ஒருவர் தனது தொலைபேசியைக் கொடுத்துவிட்டுப் போகும்போது, அது பெறுமதியான ஓர் அமானிதம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அதன் பெறுமதியும் முன்னரைப் போன்றதல்ல. 2022 இன் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. 2024 ஜனவரி முதல் வற் வரி 18 சதவீதமாக்கப்பட்டது. அதுவரை விலக்குப் பெற்றிருந்த கைத்தொலைபேசிகளும் அந்த வரிக்குள் வந்தன. பழையதை வீசிவிட்டுப் புதியதை வாங்குவது பலருக்கு இயலாத காரியம். ஆகவே, திருத்தும் கடைகளுக்கு இது நல்ல காலம். இந்த நல்ல காலத்தை நம்பிக்கையைச் சம்பாதிக்கப் பயன்படுத்தப் போகிறோமா, அதை விற்றுத் தின்னப் போகிறோமா என்பதே கேள்வி.

இலவசமும் தீர்வல்ல

எங்கள் ஊர்த் தம்பியின் நல்ல மனதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அவருக்கும் கடை வாடகை உண்டு, மின்சாரக் கட்டணம் உண்டு, வீட்டில் பிள்ளைகள் உண்டு. ஒரு நாளில் ஐந்து பேருக்கு இப்படி இலவசமாகச் செய்து கொடுத்தால் அந்த நேரம் யாருடைய கணக்கில் எழுதப்படும்? "பாகம் மாற்றினால்தான் காசு கேட்கலாம்" என்ற எண்ணம் ஒரு தொழிலில் ஊறிவிட்டால், காசு தேவைப்படும் நாளில் பாகம் மாற்றத் தோன்றும். இன்றைய இலவசமே நாளைய மோசடிக்குக் கதவைத் திறந்துவிடுகிறது என்று சொன்னால் மிகையாகாது.

இதற்கு வாடிக்கையாளர்களாகிய நாமும் பொறுப்பு. வைத்தியர் மருந்து எழுதாவிட்டாலும் பார்த்ததற்குக் காசு கொடுக்கிறோம். ஆனால், தொலைபேசி திருத்துபவர் "பாகம் மாற்றத் தேவையில்லை" என்று சொன்னால், கொடுக்கக் கை வருவதில்லை. "ஒரு குச்சியால தோண்டினதுக்கு 500 ரூபாவா?" என்று கேட்கிறோம். தோண்டியதற்கல்ல அந்தக் காசு. எங்கே தோண்ட வேண்டும், எங்கே தோண்டக் கூடாது என்று தெரிந்திருப்பதற்குத்தான்.

பஞ்சர் கடையின் பாடம்

நமது ஊர்களில் உள்ள பஞ்சர் ஒட்டும் கடைகளைப் பாருங்கள். டியூபைத் தண்ணீர்த் தட்டில் அமுக்கி, குமிழி வரும் இடத்தை நம் கண்முன்னே காட்டுகிறார்கள். ஒட்டிய பின்னர் மீண்டும் அமுக்கி, குமிழி வரவில்லை என்றும் காட்டுகிறார்கள். அங்கே யாரும் சந்தேகப்படுவதில்லை, காசு கொடுக்கவும் தயங்குவதில்லை. தொலைபேசிக் கடைகளுக்குத் தேவை அந்தத் தண்ணீர்த் தட்டுத்தான்.

எனது ஆலோசனைகள் எளிமையானவை. முதலாவது, பார்வைக் கட்டணம் ஒன்றை நிர்ணயித்து எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வையுங்கள். உதாரணத்துக்கு, "சார்ஜ் துளை பரிசோதனையும் சுத்தமும் 500 ரூபா, பாகம் மாற்ற நேர்ந்தால் இத்தொகை கழிக்கப்படும்" என்று ஒரு பலகை போதும். இரண்டாவது, வாடிக்கையாளரின் முன்னாலேயே துளையைப் பாருங்கள். பூதக்கண்ணாடியோ, திரையுடன் கூடிய மைக்ரோஸ்கோப்போ இருந்தால் அவரையும் பார்க்க வையுங்கள். மூன்றாவது, மாற்ற வேண்டியிருந்தால் மாற்றுங்கள். ஆனால், கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுங்கள். நான்காவது, என்ன வேலை, எவ்வளவு, எத்தனை நாள் உத்தரவாதம் என்று எழுதி ரசீது கொடுங்கள்.

கணக்கையும் பார்ப்போம். பத்து நிமிட வேலைக்கு 500 ரூபா என்றால், ஒரு நாளில் ஆறு பேர் வந்தால் ஒரு மணித்தியாலத்தில் 3,000 ரூபா. இதில் பாகத்துக்கான செலவில்லை, முதல் முடங்குவதில்லை, "திரும்பவும் பழுதாகிட்டு" என்று வருபவர்களும் குறைவு. அதைவிடப் பெரிய வருமானம் இந்தக் கணக்கில் வராதது. அன்று என்னிடம் காசு வாங்க மறுத்த தம்பியிடம் நான் அப்போதே ஒரு நல்ல கேபிள் வாங்கினேன். அதன் பின்னர் மனைவியின் தொலைபேசிக்குத் திரை, மகனுக்கு பெட்டரி, மச்சானுக்கு சார்ஜர் என்று எங்கள் வீட்டு வேலை எல்லாம் அவரிடமே போகிறது. குளிரூட்டிய கடையின் பக்கம் நாங்கள் எவரும் போகவில்லை. 7,500 ரூபாவுக்கு ஆசைப்பட்ட இடத்தில் ஒரு குடும்பமே கைவிட்டுப் போனது.

"இப்படி எல்லோருக்கும் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தால் யார் கடைக்கு வருவார்கள்?" என்று சிலர் கேட்கக்கூடும். பஞ்சர் ஒட்டும் முறை தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனாலும், அந்தக் கடைகள் மூடப்படவில்லை. எல்லோருக்கும் கண் கூர்மையாக இருப்பதில்லை, கை நடுங்காமல் இருப்பதில்லை. தெரிந்த வாடிக்கையாளர் வியாபாரத்துக்கு எதிரியல்ல. நல்ல வேலையை அடையாளம் கண்டு நாலு பேருக்குச் சொல்பவர் அவர்தான்.

வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடைசெய்கிறது. முறைப்பாடு செய்வதற்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. ஆனால், முறைப்பாடு செய்வதற்குக் கையில் ரசீது இருக்க வேண்டும். ஆகவே, கேட்டு வாங்குங்கள். "முதலில் துளையைச் சுத்தம் செய்து பாருங்கள்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். பாகம் மாற்றினால் பழையதைக் கேளுங்கள். பாகம் எதுவும் மாற்றாமல் சரிசெய்து தந்தால், முகம் சுளிக்காமல் அந்தக் கூலியைக் கொடுங்கள்.

அண்மையில் அந்தத் தம்பியின் கடைக்குப் போனபோது, பலகை ஒன்றை எழுதி வைக்கும்படி சொன்னேன். "ஆக்கள் ஒரு மாதிரி நினைப்பாங்க நானா" என்று தயங்கினார். உண்மையைச் சொல்லி 500 ரூபா கேட்பதற்கு ஒரு நல்ல தொழிலாளி கூச்சப்படுகிறார். பாராமலே 7,500 ரூபா கேட்பதற்கு இன்னொருவர் கூச்சப்படவில்லை. நம்முடைய சந்தையில் துடைத்தெடுக்க வேண்டிய தூசி இதுதான்.