கை எங்கே இருக்கும்?

"பாட்காஸ்ட் கேட்க எந்த ஆப் நல்லது?" என்று யாராவது கேட்டால் உடனே பதில் சொல்லாமல் நான் ஒன்றைத் திருப்பிக் கேட்பது வழக்கம்: கேட்கும்போது உங்கள் கை எங்கே இருக்கும்? முதலில் விழிப்பார்கள். அப்புறம் யோசித்துச் சொல்வார்கள். மாவு பிசைந்துகொண்டிருக்கும். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்திருக்கும். போர்வைக்குள் இருக்கும். ஹேண்டில்பாரில் இருக்கும் என்று சொன்ன தம்பி ஒருவருக்கு மட்டும், காதில் எதையும் மாட்டாமல் வண்டி ஓட்டுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்கெல்லாம் செயலி உண்டு. எல்லோருக்கும் ஒரே செயலி என்பதுதான் கிடையாது.

இதற்குக் காரணம், பாட்காஸ்ட் வேலை செய்யும் விதம். நிகழ்ச்சி நடத்துபவர் ஒலிக் கோப்பை ஏதோ ஒரு சர்வரில் ஏற்றிவிட்டு, புதிதாக வந்தது இன்னது, இருக்குமிடம் இன்னது என்று ஒரு பட்டியலில் எழுதி வைக்கிறார். அந்தப் பட்டியலுக்குப் பெயர் ஆர்எஸ்எஸ். அதில் ஒலிக் கோப்பையும் கோத்து அனுப்பலாம் என்ற ஏற்பாட்டை டேவ் வைனர் என்ற அமெரிக்க மென்பொருள்காரர் 2000ஆம் ஆண்டின் கடைசியில் சேர்த்தார். 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸில் இதற்கு இடம் கொடுத்த பிறகு பரவலானது. இன்றும் அடிப்படை அதேதான். உங்கள் போனில் இருக்கும் செயலி வெறும் தபால்காரர். பட்டியலை அவ்வப்போது எட்டிப் பார்த்து, புதிது இருந்தால் கொண்டுவந்து போடுகிறார். கதை ஓசையில் தீபிகா அருண் வாசிக்கும் கதையானாலும் சரி, ஆஸ்திரேலியாவிலிருந்து எஸ்பிஎஸ் தமிழ் தரும் நிகழ்ச்சியானாலும் சரி, எந்தச் செயலியில் கேட்டாலும் அதே குரல்தான். ஆகவே "எதில் நிறைய நிகழ்ச்சி இருக்கிறது?" என்று தேடுவதில் பெரிய பலன் இல்லை. கையாளும் விதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சமையலறையை எடுத்துக்கொள்வோம். குக்கர் விசில் அடிக்கிற அந்தக் கணத்தில்தான் பேசுபவர் முக்கியமான ஒரு பெயரைச் சொல்லித் தொலைப்பார். கை முழுக்கச் சப்பாத்தி மாவு. போனைத் தொட்டால் திரையில் மாவு அப்பும்; கைரேகையையும் அது ஏற்காது. விரல் முட்டியால் காதிலிருக்கும் இயர்போனைத் தட்டத்தான் முடியும். ஆனால் அந்த இயர்போன் பாட்டுக்காகச் செய்யப்பட்டது. மூன்று தட்டு தட்டினால் 'முந்தைய பாட்டு' என்று மட்டுமே அதற்குச் சொல்லத் தெரியும். இதைச் செயலி எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முந்தைய பாட்டு என்றால் எபிசோடின் தொடக்கத்துக்குப் போ என்று எடுத்துக்கொண்டால், நாற்பது நிமிடம் கேட்டது போச்சு. கொஞ்சம் பின்னால் போ என்று எடுத்துக்கொண்டால் அந்தப் பெயர் மறுபடி காதில் விழும். பாக்கெட் காஸ்ட்ஸ், ஓவர்காஸ்ட், ஆன்டெனாபாட் ஆகிய மூன்று செயலிகளிலும் செட்டிங்ஸுக்குள் போய் இதை நாமே முடிவு செய்துகொள்ளலாம். எத்தனை விநாடி தாவ வேண்டும் என்பதையும்தான். பின்னால் 10, முன்னால் 30 என்று வைத்திருக்கிறேன். முன்னால் தாவுவது விளம்பரத்தைத் தாண்ட. அதற்கு 10 போதவே போதாது.

படுக்கையில் கேட்பவர்களின் பிரச்சினை வேறு. தூக்கம் எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. குறித்த நேரத்தில் தானாக நிறுத்தும் டைமர் அநேகமாக எல்லாச் செயலியிலும் உண்டு. அரை மணி வைக்கிறீர்கள். அரை மணி ஆகும்போது முழித்திருக்கிறீர்கள், பேச்சு நின்றுபோகிறது. இருட்டில் போனை எடுத்து, திரை வெளிச்சம் கண்ணில் குத்த, மறுபடி டைமர் வைத்தால் வந்த தூக்கமும் போய்விடும். ஆன்டெனாபாடில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. டைமர் முடியப்போகும் நேரத்தில் போனை லேசாக ஆட்டினால் போதும், மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கிவிடும். கண்ணைத் திறக்கவே வேண்டாம். இதை யோசித்தவர் நிச்சயம் தூக்கம் வராமல் புரண்டவராகத்தான் இருக்க வேண்டும்.

கும்பகோணத்தில் இருக்கும் அத்தைக்குப் போனில் செயலி ஏற்றிக் கொடுத்தபோதுதான், வரிசை எவ்வளவு பெரிய விஷயம் என்று கண்ணால் பார்த்தேன். பொன்னியின் செல்வன் நாட்டுடைமையான நாவல். வாசித்துப் பதிவேற்றியவர்கள் பலர் இருக்கிறார்கள். அதில் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் போன்.

"என்னடா இது, வந்தியத்தேவன் ஏரிக்கரைக்கே வரலை, அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சுங்கறாளே?"

"அத்தை, மேலே இருக்கறது கடைசி அத்தியாயம். கீழேயிருந்து கேக்கணும் நீங்க."

"கீழ போகப் போக வந்துண்டே இருக்கு. அடி எங்கடா இருக்கு?"

அத்தை கேட்டது நியாயம். செயலிகள் செய்திக்கும் அரட்டைக்கும் ஏற்றபடி புதியதை மேலே வைக்கின்றன. தொடர்கதைக்கு அது தலைகீழ். இது தொடர் என்று நடத்துபவரே குறித்துவைத்திருந்தால் ஆப்பிளின் செயலி முதல் அத்தியாயத்திலிருந்து காட்டும். குறிக்காமல் விட்டவர்கள் ஏராளம். அப்போது 'பழையது முதலில்' என்று அந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் மாற்றிவைக்க முடிகிறதா என்று பாருங்கள். பாக்கெட் காஸ்ட்ஸிலும் ஆன்டெனாபாடிலும் முடியும். அத்தைக்கு மாற்றிக் கொடுத்தாகிவிட்டது. இப்போது பழுவேட்டரையர் மேல் கோபமாக இருக்கிறார்.

வேகம் பற்றி ஆளுக்கொரு கட்சி. ஒன்றரை மடங்கு வைத்தால் ஒரு மணி நேரப் பேச்சு நாற்பது நிமிடத்தில் முடியும், கணக்கு சரிதான். செய்தி அலசலுக்கு நானும் கூட்டிவைத்துக் கேட்பேன். கதைக்கு மாட்டேன். கதை வாசிப்பவர் ஒரு வாக்கியம் முடித்து மூச்சு விடும் இடமும் கதையில் சேர்ந்ததுதான். ஓவர்காஸ்ட் செய்த மார்கோ ஆர்மென்ட் 2014இல் அதை வெளியிட்டபோது, பேச்சின் வேகத்தைக் கூட்டாமல் நடுநடுவே வரும் மௌனத்தை மட்டும் சுருக்கும் வசதியைக் கொண்டுவந்தார். பாக்கெட் காஸ்ட்ஸிலும் ஆன்டெனாபாடிலும் அதே மாதிரியான வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் கேட்கும்போது மௌனம் குறைந்ததே தெரியாது. நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் பழங்கதை சொல்லும்போது போட்டுப் பார்த்தேன். "அப்போ வந்து..." என்று இழுத்து நிறுத்தி, யோசித்து, அடுத்ததைச் சொல்கிற அந்த இடைவெளி காணாமல் போய், மனிதர் வக்கீல் நோட்டீஸ் படிப்பது போல ஆகிவிட்டார். உடனே அணைத்துவிட்டேன். இதனால்தான் வேகத்தை நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி தனித்தனியாக வைத்துக்கொள்ள விடாத செயலியை நான் சிபாரிசு செய்வதில்லை.

ஓவர்காஸ்டின் இன்னொரு வசதிதான் தமிழ்ப் பேட்டிகளுக்கு உண்மையில் உதவுவது. ஒரே மைக்கை நடுவில் வைத்துப் பதிவு செய்திருப்பார்கள். கேள்வி கேட்பவர் காதைப் பிளப்பார். விருந்தினர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவார். பஸ்ஸில் சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாகவே போகும். குரல்களைச் சமப்படுத்தித் தூக்கிக் கொடுக்கும் அந்த ஒரு பொத்தானுக்காகவே ஐபோன்காரர்கள் அதைப் போட்டுப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டில் ஓவர்காஸ்ட் கிடையாது.

டேட்டாவைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரம் என்பது 58 எம்பிக்குள் அடங்கிவிடும். பாதித் தரத்தில் பதிவேற்றினால் 29கூட ஆகாது. பேச்சுக்கு அதுவே தாராளம். பிரச்சினை சிக்னல். ஊருக்குப் போகும் ரயிலில் பெட்டி ஆடுவதற்கேற்ப நெட்டும் வந்து வந்து போகும். வீட்டு வைஃபையில் இருக்கும்போதே அடுத்த நாலைந்து எபிசோடை இறக்கிவைத்து, கேட்டு முடித்ததைத் தானே அழித்துவிடும்படி வைத்துக்கொண்டால் போனும் நிரம்பாது.

செயலிகளுக்கும் ஆயுசு உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. கூகுள் 2018இல் பாட்காஸ்டுக்கென்று தனிச் செயலி கொண்டுவந்தது. எளிமையானது, இலவசம், ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்த எத்தனையோ பேருக்கு முதல் செயலி. 2024இல் மூடிவிட்டார்கள், யூடியூப் மியூசிக்குக்குப் போங்கள் என்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஸ்டிச்சர் என்ற இன்னொரு செயலி போனது. பாக்கெட் காஸ்ட்ஸ் ஆஸ்திரேலியர்கள் தொடங்கியது. 2018இல் அமெரிக்கப் பொது வானொலி அமைப்புகளின் கைக்குப் போய், 2021இல் வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமேட்டிக்கிடம் வந்து சேர்ந்தது. இன்னும் நன்றாகவே ஓடுகிறது, ஆனால் கை மாறும்போதெல்லாம் கேட்பவர்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது. மூடக்கூட வேண்டாம். நான் வைத்திருந்த வேறொரு செயலியில் ஒரு காலை அப்டேட் வந்தது. கேட்டு முடித்ததெல்லாம் கேட்காதவை ஆகிவிட்டன. அடுத்து கேட்க வரிசைப்படுத்தி வைத்திருந்ததைக் காணோம். எழுதிக் கேட்டேன். புதிய வடிவமைப்பை நான் விரும்புவேன் என்று பதில் வந்தது.

அதனால் எதை ஏற்றினாலும், உள்ளே போனதும் முதலில் வெளியே வரும் வழியைத் தேடுங்கள். ஓபிஎம்எல் என்று ஒரு கோப்பு வகை இருக்கிறது. நீங்கள் பின்தொடரும் நிகழ்ச்சிகளின் முகவரிகளெல்லாம் அதற்குள் இருக்கும். ஒரு செயலியிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றினால் குடும்பத்தோடு குடிபெயர்ந்தாயிற்று. ஆன்டெனாபாட், ஓவர்காஸ்ட், பாக்கெட் காஸ்ட்ஸ் மூன்றும் இதைத் தருகின்றன. ஸ்பாட்டிஃபையில் அந்தப் பொத்தான் இல்லை. பாட்டும் பேச்சும் ஒரே இடத்தில் கிடைப்பது அதன் சௌகரியம்தான். ஆனால் பேச்சு கேட்க உட்கார்ந்தால் பாட்டு கண் சிமிட்டும், எனக்கு அது ஒத்துவரவில்லை.

ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் ஆன்டெனாபாடில் தொடங்கலாம். தன்னார்வலர்கள் நடத்துவது, காசு இல்லை, விளம்பரம் இல்லை, பதிவு செய்து கணக்குத் தொடங்கும் தொல்லையும் இல்லை. ஐபோன்காரர்களுக்கு ஆப்பிளுடையதே போனில் இருக்கிறது. அதில் குறை தெரிந்த பிறகு வேறு தேடினால் போதும். வீட்டில் கம்ப்யூட்டரில் பாதி, வெளியே போனில் மீதி என்று கேட்பவர்களுக்குப் பாக்கெட் காஸ்ட்ஸ். எதுவானாலும், புது எபிசோடு வந்துவிட்டது என்று மணியடிக்கும் அறிவிப்பை முதல் நாளே அணைத்துவிடுங்கள். கேட்காதவை இத்தனை என்று சிவப்பு வட்டத்தில் எண் காட்டுவதையும்.

தமிழில் கேட்பவர்களுக்கு இன்னும் இரண்டு இடைஞ்சல் இருக்கிறது, அவை செயலியின் கையில் இல்லை. ஒன்று தேடல். தமிழ் நிகழ்ச்சிகள் பலவும் தங்கள் பெயரை ஆங்கில எழுத்தில் மட்டும் வைத்திருக்கின்றன. தமிழில் தட்டினால் கிடைக்காது. ஆங்கிலத்தில் தட்டலாம் என்றால் 'கதை' என்ற சொல்லின் நடுவில் டி-யா, டி-எச்-சா, டி-எச்-சுக்கு முன்னால் இன்னொரு டி-யா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. பேச்சை எழுத்தாகக் காட்டும் வசதியை ஆப்பிள் 2024 மார்ச்சில் கொண்டுவந்தபோது ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் நான்கோடு நிறுத்திக்கொண்டது; ஆகவே உள்ளே பேசியதை வைத்துத் தேடலாம் என்ற ஆசைக்கும் அப்போது இடமில்லாமல் போயிற்று.

இரண்டாவது, யூடியூப். நம் ஊரில் பாட்காஸ்ட் என்றாலே இரண்டு நாற்காலி, இரண்டு பெரிய மைக், யூடியூப் வீடியோ என்று ஆகிவிட்டது. காசு கட்டாதவர்களுக்கு யூடியூப் செயலியில் திரையை அணைத்தால் பேச்சும் நின்றுவிடும். ஆகவே திரையை எரியவிட்டபடியே சட்டைப்பையில் போட்டு நடக்கிறார்கள். துணி உரசி வீடியோ மாறி, சோழர் காலத்து நீர்ப்பாசனம் பேசிக்கொண்டிருந்த பேராசிரியர் போய் மீன்குழம்பு கொதிக்கத் தொடங்கும். இவ்வளவு நேரம் நான் சொன்ன, இயர்போனைத் தட்டிப் பின்னால் தாவும் வசதியும், ஆட்டினால் நீளும் டைமரும் இவர்களுக்குக் கிட்டாது. நிகழ்ச்சிக்கு ஆர்எஸ்எஸ் பட்டியலே இல்லை என்றால் எந்தச் செயலியாலும் அதை எடுத்துவர முடியாது.

நிகழ்ச்சி நடத்துகிற தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால்: வீடியோ போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே அதே பேச்சை ஒலியாகவும் ஏற்றி, ஆர்எஸ்எஸ் முகவரியை வீடியோவுக்குக் கீழே ஒரு வரியில் எழுதிவிடுங்கள். பெயரைத் தமிழிலும் எழுதுங்கள். விருந்தினருக்கும் தனியாக ஒரு மைக் கொடுங்கள்.