ஓசி வைஃபை இல்லை, தோழர்களே

நம் காலனிகளில் ஒரு வீட்டு இன்டர்நெட் இணைப்பை ஐந்தாறு பிள்ளைகள் சேர்ந்து பயன்படுத்தினால் உடனே ‘ஓசி வைஃபை’ என்று ஒரு பேச்சு கிளம்பிவிடுகிறது. மாதாமாதம் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டுக் கட்டுகிற பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கிண்டல். அதுவே நகரத்து அபார்ட்மென்ட்டில் டிவி, போன், லேப்டாப் என்று பத்துக் கருவிகள் ஒரே ரவுட்டரில் ஓடினால் அதற்குப் பெயர் ஸ்மார்ட் ஹோம்!

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. நம்மில் பலருடைய வீட்டுக்குள் முதல் கம்ப்யூட்டர் வந்தது அதனால்தான். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கருவி வந்த வீட்டுக்கு இணைப்பு வரவில்லை. கேபிள்காரர் ஊர்த்தெருவோடு நின்றுவிட்டு, ‘காலனிக்குக் கம்பம் இல்லை’ என்று சொல்வதை நான் வேலை செய்யும் கிராமங்களில் இன்றும் கேட்கிறேன். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடி, வகுப்பு போனுக்குள் போனபோது, எப்படியோ இணைப்பு வாங்கியிருந்த ஒரு வீட்டுத் திண்ணை பல தெருக்களில் வகுப்பறை ஆனது.

தொழில்நுட்பம் இதற்குத் தடையே இல்லை. நல்ல வீடியோ வகுப்பு ஒன்றுக்கு 3 எம்பிபிஎஸ் இருந்தால் போதும். 40 எம்பிபிஎஸ் இணைப்பில் ஏழெட்டுப் பிள்ளைகள் தாராளமாகப் படிக்கலாம், நடுவில் ஒருவர் பெரிய சினிமாவை டவுன்லோடு போடாத வரை. ரவுட்டர் இல்லாத காலத்திலும் பகிர்ந்திருக்கிறார்கள். 1999-இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே அந்த வசதி இருந்தது. ஒரு கம்ப்யூட்டர் இணைப்பை வாங்கி மற்றவற்றுக்குக் கொடுக்கும். அதை அணைத்தால் எல்லோருக்கும் போச்சு. அதிகாரம் யார் கையில் என்பதை அந்தப் பழைய ஏற்பாடு மறைக்கவில்லை.

இப்போதைய ரவுட்டர் மறைக்கிறது. வீட்டுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் 192.168 என்று தொடங்கும் தனி எண்ணைக் கொடுக்கும். வெளியே போகும்போது எல்லாவற்றையும் ஒரே முகவரியாக மாற்றி அனுப்பும். உலகத்தில் இருக்கும் ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. கருவிகள் அதைவிட அதிகம் என்பதால் வந்த உத்தி இது. இதன் விளைவை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. ஏழு பேர் எழுதினாலும் கம்பெனிப் பதிவேட்டில் இருப்பது ஒரே பெயர், யாருடைய ஆதாரைக் கொடுத்து இணைப்பு வாங்கினோமோ அவர் பெயர்.

அது பெரும்பாலும் யார்? மாதச் சம்பளம் வரும் ஒரு அங்கன்வாடி அக்கா, அல்லது துப்புரவுப் பணியில் இருக்கும் ஒரு அண்ணன். சாதிப் பெருமை பேசும் ஒரு பதிவுக்கு நம் தம்பி சூடாகப் பதில் எழுதுகிறான், அதன்மேல் புகார் போகிறது என்று வையுங்கள். முதலில் தட்டப்படும் கதவு அந்த அக்கா வீட்டுக் கதவு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்தது. அதன் பிறகும் அதே பிரிவில் வழக்குகள் பதிவாவதைக் கண்டு 2021 ஜூலையில் அந்த நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது. சட்டம் போனாலும் காவல் நிலையத்தின் பழக்கம் போவதில்லை. அந்தப் பழக்கத்துக்கு நம் தெருதான் பக்கம். போதாக்குறைக்கு, வீட்டு இணைப்பை வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது என்பது பல நிறுவனங்களின் நிபந்தனை.

அதனால் பகிர்வதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. சுமையை அந்த ஒரு பெயரின் மேல் போடாதீர்கள் என்கிறேன். பாஸ்வேர்டு யார் யாரிடம் இருக்கிறது என்பது எழுத்தில் இருக்கட்டும், ஆள் மாறினால் அதையும் மாற்றுங்கள். ரவுட்டர் எந்த வீட்டில் இருக்கிறது என்பதும் அரசியல்தான். பையன்கள் கூடும் அறையில் இருந்தால் இரவு எட்டு மணிக்கு மேல் பெண் பிள்ளைகளுக்கு அது இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், இணையத்தை எப்போதாவது பயன்படுத்தியிருப்பதாகச் சொன்ன ஆண்கள் 57 சதவீதம், பெண்கள் 33. இந்த இடைவெளியை நம் வீடுகளும் சேர்ந்துதான் உண்டாக்கியிருக்கின்றன, ஊர்க்காரர்கள் மட்டும் இல்லை.

சட்டப்படி பகிர ஒரு வழி இருக்கிறது. 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வாணி திட்டத்தில் பெட்டிக்கடைகூட உரிமம் இல்லாமல் பொது வைஃபை நடத்தலாம். பயன்படுத்துகிறவர் ஒவ்வொருவரும் தன் பெயரில் பதிந்துகொள்வதால் அந்த அக்கா மாட்ட மாட்டார். அதில் கண்காணிப்பு இருக்கிறது, காசும் கேட்பார்கள், அதனால் இது போதாது. அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய ஊராட்சி நூலகங்கள் நான் போகும் ஊர்களில் பாதி பூட்டிக் கிடக்கின்றன. அடுத்த கிராம சபையில் அந்தப் பூட்டைத் திறக்கவும், உள்ளே இலவச இணைப்பு கொடுக்கவும் தீர்மானம் கேளுங்கள். நூலகம் ஊர்த்தெருவில்தான் இருக்கிறது, அங்கே நம் பிள்ளைகள் போய் உட்கார முடியாது என்றால், அதையும் அதே தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.