கிளினிக் கொப்பியை நம்பியா ஓர் உயிர்?

மிச்சமிருக்கும் தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்பதை இன்னும் தள்ளிப்போடுவதை ஏற்கவே முடியாது. இதனால் அவதிப்படுபவர்கள் காய்ச்சல்காரர்கள் மட்டுமல்ல. ஒருமுறை இதய வால்வு மாற்றியவர்களின் உயிரும் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

லயத்து நெருக்கடியில் பிள்ளைக்கு வரும் தொண்டைப்புண்ணைக் கவனிக்காவிட்டால் அது மூட்டுவாதக் காய்ச்சலாகி வால்வைக் கெடுக்கலாம். மூன்று, நான்கு வாரத்துக்கொருமுறை போடவேண்டிய பென்சிலின் ஊசியும் தவறினால், கடைசியில் கண்டியிலோ கொழும்பிலோ வால்வு மாற்ற வேண்டியதுதான். விலங்குத் திசு வால்வு பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகளில் பழுதாகும். பெருநாடியில் இரண்டாவது வால்வு வைக்கும்போதுதான் பெரிய ஆபத்து. இதயத் தசைக்கே இரத்தம் கொடுக்கும் முடியுரு நாடிகளின் வாய்கள் வால்வுக்குச் சற்று மேலே இருக்கின்றன. நெஞ்சைத் திறக்காமல், தொடை நாடி வழியே புது வால்வைப் பழையதற்குள் விரித்தால், பழைய இதழ்கள் தள்ளப்பட்டு அந்த வாய்களை அடைத்துவிடலாம். நூற்றில் ஏறத்தாழ இருவருக்கே இது நேர்கிறது. நேர்ந்தால் பாதிப் பேர் பிழைப்பதில்லை. முன்கூட்டியே சீ.டி. ஸ்கேனில் அளந்து, புது வால்வுக்கும் நாடி வாய்க்கும் இடைவெளி 4 மில்லிமீற்றருக்குக் குறைவாக வரும் என்று தெரிந்தால், பழைய இதழைக் கீறி இரத்தத்துக்கு வழிவிடலாம். நாடிக்குள் ஸ்டென்டைத் தயாராக வைக்கலாம். அதற்கு, முன்பு வைத்த வால்வின் வகையும் அளவும் தெரிய வேண்டும்.

அந்த விவரம் நோயாளியின் கையில் எங்கே இருக்கிறது? ஷொப்பிங் பையில் மடித்து வைத்த கிளினிக் கொப்பியில். கூரை ஒழுகும் லயக் காம்பராவில் அது நனைந்து மை கரைந்தால் வால்வின் அளவும் போயிற்று. மூச்சு வாங்குகிறது என்று தோட்ட மருந்தகத்துக்கு வருபவரைக் கண்டிப் பதிவுகளோடு இணைக்க ஏற்பாடு வேண்டாமா? கண்டிக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடும் என்று அவர் நாளைக் கடத்துகிறார். கடைசி நேரத்தில் அம்புலன்சில் ஏற்றும்போது நிதானமாக அளந்து பார்க்க யாருக்கு நேரம்?

அரசின் மேலிடத்தாருக்கு இழுத்தடிப்பது புதிதல்ல. 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுக்க இருந்த அவசரம், அதே பத்தாண்டில் தொடங்கிய வைத்தியசாலைப் பொறுப்பேற்பில் இருக்கவில்லை. டிக்கோயாவில் 2017இல் திறந்த வைத்தியசாலையைக் கட்டித்தந்ததும் இந்தியாதான். 2022இல் மருந்தில்லாமல் சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டபோதும் முன்கூட்டித் திட்டமிட்டவர் எவருமில்லை. வெட்கக்கேடு!

உரியவர்கள் இனியாவது ஆவன செய்ய வேண்டும். வீட்டில் வால்வு மாற்றியவர் இருந்தால், வாசகர்களே, அவருடைய கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் இன்றே தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள்.