மியூர் வனத்தில் ஒரு மணி நேரம்

முழங்கால் வலியைக் காரணம் காட்டி எந்தச் சுற்றுலாவுக்கும் வர மறுத்துவந்த என் துணைவியார், இந்தக் காட்டினுள் ஒரு மணி நேரம் முழுமையாக நடந்தார். அதுவும், "போதும், திரும்பலாம்" என்ற சொல் அவரது வாயிலிருந்து வராமலே!

அமெரிக்காவின் மேற்குக் கரையில், சான்பிரான்ஸிஸ்கோ நகரின் கோல்டன் கேட் பாலத்தைக் கடந்து வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால், இரு மலைகளுக்கிடையே ஒடுங்கிக் கிடக்கும் பள்ளத்தாக்கில் இருக்கிறது மியூர் வனம். ஓடைக்கரையை ஒட்டி, பெரும்பகுதி பலகை பாவிய சமதளப் பாதை. சக்கர நாற்காலியில் முதியோரை அழைத்து வந்தவர்கள் பலர். ஓடையின் குறுக்கே வரிசையாகச் சிறு பாலங்கள். உடல்நிலைக்கு ஏற்ப இரண்டாவது பாலத்தோடோ மூன்றாவது பாலத்தோடோ மறுகரை வழியே திரும்பிவிடலாம். பிள்ளைகளைக் காண அந்நாட்டுக்குச் செல்லும் பெற்றோர் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். 2018ஆம் ஆண்டு முதல், வாகனம் நிறுத்த முன்பதிவு கட்டாயம். பள்ளத்தாக்கில் கைப்பேசி இயங்காது. சீட்டை முன்னரே எடுத்துக்கொண்டு செல்வது நலம்.

ரெட்வுட் என்பது இங்குள்ள மரத்தின் பெயர். நம் பக்கத்துச் செம்மரம் வேறு, இது வேறு. இவ்வனத்தில் மிக உயர்ந்த மரம் 258 அடி. நாகூரின் பெரிய மினாரா 131 அடி என்பதை நினைவிற் கொண்டால், அண்ணாந்து பார்த்த எங்கள் கழுத்து ஏன் வலித்தது என்பது விளங்கும். இத்தனை பெரிய மரத்தின் விதையோ, தக்காளி விதையளவே! மழையற்ற கோடையில், கடலிலிருந்து எழும் மூடுபனி இலைகளில் படிந்து, துளித்துளியாய்ச் சொட்டி வேருக்கு நீராகிறது. ஆணிவேர் கிடையாது. வேர்கள் ஆழம் செல்லாமல் பக்கவாட்டில் நெடுந்தொலைவு பரந்து, அண்டை மரத்தின் வேர்களோடு பின்னிக்கொள்கின்றன. இந்த மேல்வேர்கள் மிதிபட்டு நசியும் என்பதாலேயே பாதையை விட்டு இறங்கத் தடை. சுப்ஹானல்லாஹ்! வல்ல நாயன் எதை எதில் வைத்திருக்கிறான்!

நுழைவாயிலருகே, விழுந்த மரமொன்றின் குறுக்குவெட்டு வட்டத்தை நிறுத்தி வைத்திருக்கின்றனர். 909இல் முளைத்து 1930இல் சாய்ந்த மரம் அது. 909 என்றால் ஹிஜ்ரி 297ஐ ஒட்டிய காலம். பக்தாதில் இமாம் தபரீ (ரஹ்) அவர்கள் வாழ்ந்துகொண்டிருந்த நாட்கள். 1492ஆம் ஆண்டு வளையத்தில் கொலம்பஸ் கப்பலேறியதைக் குறித்திருக்கின்றனர். அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் கிரானடா நம் கையைவிட்டுப் போனது என்பதை நான் பேத்தியிடம் சொன்னேன். 1325ஐத் தேடி விரல் வைத்தேன். தாஞ்சியரிலிருந்து இப்னு பதூதா புறப்பட்ட ஆண்டு. அவர் மதுரைக்கு வந்து சேர்ந்ததற்கும் அதற்கும் இடையே மரத்தில் ஒரு விரற்கடை அகலம்கூட இல்லை.

இக்காடு பிழைத்த கதைதான் என்னை நெடுநேரம் நிற்க வைத்தது. சுற்றுப்புறக் காடுகளெல்லாம் வெட்டப்பட்டுக்கொண்டிருந்த 1905ஆம் ஆண்டில், வில்லியம் கென்ட் என்பவரும் அவருடைய மனைவி எலிசபெத்தும் 611 ஏக்கரை 45,000 டாலருக்கு வாங்கினர். இரண்டே ஆண்டுகளில், ஓடையில் அணை கட்ட எண்ணிய குடிநீர் நிறுவனமொன்று நீதிமன்றத்தின் வழியே நிலத்தைக் கைப்பற்ற முனைந்தது. தனியார் நிலத்தை அவ்வாறு எடுக்க முடியும். மத்திய அரசின் நிலத்தை முடியாது. ஆகவே காட்டின் நடுப்பகுதியான 295 ஏக்கரை அவர்கள் அரசுக்கே கொடையாகக் கொடுத்துவிட்டனர். 1908 ஜனவரி 9 அன்று குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அதனைத் தேசியச் சின்னமாக அறிவித்தார். கென்டின் பெயரைச் சூட்ட ரூஸ்வெல்ட் விரும்பியபோது அவர் இணங்கவில்லை. தம் பெயரைத் தம் புதல்வர்களால் நிலைநிறுத்த இயலாவிடில் அது மறக்கப்படட்டும் எனும் கருத்துப்பட மறுமொழி எழுதினார். இயற்கையியலாளர் ஜான் மியூரின் பெயரே நிலைத்தது.

கென்டை மகானாக்க நான் வரவில்லை. மியூர் உயிராய்க் காத்துவந்த ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் அணை கட்டும் 1913ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்தவரும் இவரே. ஆசிய நாட்டவர் குடியேறுவதை எதிர்த்துத் தேர்தல் பிரசாரம் செய்தவரும் இவரே. அவர் காத்த மர நிழலில் ஓர் ஆசியக் குடும்பம் இளைப்பாறியதை அவர் விரும்பியிருப்பாரோ, என்னவோ! எனினும் கொடுத்தது கொடுத்ததாகவே நிற்கிறது.

கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை, விற்கவோ அன்பளிப்பாக வழங்கவோ வாரிசுகள் பங்கிடவோ இயலாதவாறு நிறுத்தி, அதன் பலனை மட்டும் ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் ஆக்கிய ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் வரலாறு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். வக்ஃபு எனும் சொல்லுக்கே நிறுத்திவைத்தல் என்பதுதானே பொருள்! எங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்கென முன்னோர் ஒருவர் எழுதிவைத்த தென்னந்தோப்பில் நான் சிறுவனாக விளையாடியிருக்கிறேன். இன்று அங்கே வீட்டு மனைகள். பத்திரம் இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. நானும் கேட்கவில்லை.

லுஹர் நேரம் வந்தது. பாதை அகன்ற ஓரிடத்தில், பிறர் நடைக்கு இடையூறின்றி இருவர் இருவராய்த் தொழுதோம். மேற்கு நோக்கியே பழகிய என் துணைவியார், மகன் காட்டிய திசையைக் கண்டு திகைத்தார். அங்கே கிப்லா வடக்கிலிருந்து சற்றே கிழக்கில்.

திரும்பும்போது பேத்தி கையில் ஒரு சிறிய ரெட்வுட் காய். ஊருக்குக் கொண்டுபோய் நட வேண்டுமாம். இங்கிருந்து எதையும் எடுத்துச் செல்லலாகாது என்றேன்.

"யாருடையது நன்னா இது?" என்று கேட்டாள்.

யாருடையதும் அன்று என்பதா, எல்லோருடையதும் என்பதா எனத் தயங்கி நின்றேன். அதற்குள் அவளே ஓடிச்சென்று, எடுத்த மரத்தடியில் காயை வைத்துவிட்டு வந்தாள்.