சூடேறும் சுருள்

காரின் பின்புறத்தில் சப்வூஃபரை நெடுநேரம் உரக்க ஒலிக்கவிட்டுத் தொட்டுப் பார்த்தால் சுடுகிறது. பழுதோ என நாம் அஞ்சவேண்டியதில்லை. 1925இல் ரைஸும் கெல்லாக்கும் வெளியிட்ட ஒலிபெருக்கி வடிவமைப்பின் இயல்பே அதுதான். உட்செல்லும் மின்சாரத்தில் மிகச் சிறு பங்கே ஒலியாகிறது. எஞ்சியது செம்புச் சுருளில் வெப்பமாகத் தேங்குகிறது. நம் கை உணர்வது காந்தத்தின் சூட்டை மட்டுமே. உள்ளிருக்கும் சுருளோ அதனினும் பன்மடங்கு கொதிக்கிறது.

சுருள் 100 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் அதன் மின்தடை ஏறத்தாழ 40 விழுக்காடு உயர்கிறது, ஒலி தணிகிறது. தணிந்ததை ஈடுகட்ட நாம் குமிழை மேலும் திருகுகிறோம். பெருகுவது பெரும்பாலும் சூடே. பசை கருகும் நெடி எழும்போதுதான் விழித்துக்கொள்கிறோம். இரைச்சலை இசையென்று நம்பும் நம் பழக்கத்தின் விலை இது. சற்றே ஒலியைக் குறைப்போம். பாட்டு எங்கும் போய்விடாது.