கலைந்தவளுக்கு எந்த வரிசை?

மதுரைப் பக்கம் கரு கலைந்த வீட்டில் முதலில் நடப்பது விசாரணை. பப்பாளி தின்றாளா, பைக்கில் திருமங்கலம் போனாளா, குடம் தூக்கினாளா? மூன்று மாதம் போனால் கேள்வி மாறிவிடும்: “என்னத்தா, ஏதும் விசேஷம் உண்டா?” இரண்டுக்கும் நடுவே அவள் உடம்பு தேறியதா என்று கேட்க ஆளில்லை. உறவுகளை விடுங்கள், அரசாவது கேட்க வேண்டாமா?

விசாரணைக்கு மருத்துவம் என்றைக்கோ பதில் சொல்லிவிட்டது. உறுதியான கர்ப்பங்களில் சுமார் 15 சதவீதம் கலைகின்றன. முதல் மூன்று மாதத்தில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் பிசகியவை. குடமும் பைக்கும் அதற்குக் காரணமல்ல.

மறுபடி எப்போது கருத்தரிக்கலாம் என்பதில்தான் குழப்பம். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2005-இல் ஆறு மாதம் பொறுக்கச் சொன்னது. அதற்கு ஆதாரமான லத்தீன் அமெரிக்கப் பதிவுகளில், தானாகக் கலைந்ததும் கலைத்ததும் பிரிக்கப்படவில்லை. ஸ்காட்லாந்தில் 30,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை அலசி 2010-இல் வெளியான ஆய்வோ, ஆறு மாதத்துக்குள் கருவுற்றவர்களுக்கே மறுபடி கலைவது குறைவு என்றது. முப்பத்தைந்தைத் தாண்டியவளுக்கு ஆறு மாதம் லேசான விலையல்ல. நஞ்சுத் திசு முத்துமுத்தாக வளரும் முத்துப்பிள்ளை கர்ப்பம் என்றால் கதை வேறு. ரத்தச் சோதனை முடிந்து மருத்துவர் சரி என்னும்வரை பொறுத்தே ஆக வேண்டும்.

ஆக, காலண்டரைவிட உடம்பைப் பார்ப்பதே முக்கியம். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்கிறது தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21). ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும். சர்க்கரை, தைராய்டு சோதனைகளும் அதற்கு முன்பே வேண்டும். இரண்டு முறை கலைந்திருந்தால் கணவனுக்கும் சோதனை தேவைப்படலாம். இதைச் சொன்னால் மாமியார் முகம் போகிற போக்கு தனிக் கட்டுரைக்கு ஆகும்.

இதையெல்லாம் எங்கே பார்ப்பது? ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கானது. கர்ப்பிணிக்குப் பிக்மி என்ற அரசுப் பதிவு எண் உண்டு, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் உதவி உண்டு. நேற்றுவரை அந்தப் பெஞ்சில் இருந்தவள் கலைந்த மறுநாள் எங்கே உட்காருவாள்? கிராம சுகாதார செவிலியரின் தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில் அவள் பெயர் இருக்கும். ஆனால் அது குடும்பக் கட்டுப்பாட்டுக்காகப் பிறந்த பதிவேடு. பிள்ளை வேண்டும் என்பவளையும் அதைக் கொண்டே தேடிப் போகலாம். கலைந்த ஆறு வாரத்துக்குள் ஒருமுறை வீட்டுப்படி ஏறி, ரத்த அளவைப் பார்த்து, மாத்திரை கொடுத்து, அடுத்த சோதனைக்கு நாள் குறித்தால் போதும். இதற்குப் புதுத் திட்டமோ பெயர்ப்பலகையோ வேண்டாம்.

ஆறு வாரம் என்றதும் சட்டமும் நினைவுக்கு வருகிறது. கரு கலைந்த பெண்ணுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்றது 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம். அதன் இடத்தில் வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த உரிமை தொடர்கிறது. கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவளுக்கு இதை யார் சொல்வது? கரு கலைந்ததற்கு அத்தாட்சி காட்டித்தான் அந்த விடுப்பைக் கேட்க முடியும். ஆஸ்பத்திரியில் சேர்ந்தவள் கையில் டிஸ்சார்ஜ் சீட்டு இருக்கும். அதன் அடியில் விடுப்பு உரிமையை ஒரு வரியிலும், மறு பரிசோதனைத் தேதியை இன்னொரு வரியிலும் தமிழில் அச்சடித்துக் கொடுக்க சுகாதாரத் துறைக்கு ஒரு சுற்றறிக்கை போதும்.