மரண அறிவித்தலும் மரணசாதனமும்

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒப்புநோக்குநராக என்னிடம் ஒப்படைக்கப்பட்ட முதற் பணி, ஞாயிறு இதழின் மரண அறிவித்தல்களைப் பிழை பார்ப்பதாகும். செய்தியில் ஒரு பெயர் பிழைத்தால் அடுத்த நாள் திருத்தம் போடலாம். மரண அறிவித்தலில் மருமகளின் பெயர் விடுபட்டாலோ ஒரு குடும்பமே அலுவலக வாசலில் வந்து நிற்கும். அந்தப் பழக்கத்தினால் இன்றும் அந்தப் பக்கங்களையே முதலில் வாசிக்கிறேன்.

அந்நாட்களில் பிறப்பிடமும் வதிவிடமும் பெரும்பாலும் ஒரே ஊராகவே இருக்கும். பின்னர் வதிவிடம் கொழும்பாயிற்று. அதன் பின்னர் லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ண், பாரிஸ் என்று விரிந்தது. இன்று பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘இலங்கை’ என்று காண்பதே அரிதாகிவிட்டது. ‘சேமக்காலையில் நல்லடக்கம் செய்யப்படும்’ என்று முடியும் ஒவ்வோர் அறிவித்தலும், யாழ்ப்பாணத்துத் திருச்சபை ஒன்றின் வாங்கில் ஓர் இடம் வெறுமையானதையும் சேர்த்தே அறிவிக்கிறது.

அத்தகைய ஓர் அறிவித்தலைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர் வலிகாமத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் காலமானார். திருமணம் செய்யாதவர். ஓய்வுநாட் பாடசாலையில் மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். தமது வளவும் சிறிய வீடும் தமக்குப் பின்னர் தேவாலயத்துக்கே என்று எல்லோரிடமும் சொல்லி வந்தார். என்னிடமும் சொன்னார்.

“எழுதி வைத்துவிட்டீர்களா, ரீச்சர்?” என்று கேட்டேன்.

“சபைக்கெல்லாம் தெரியுந்தானே தம்பி, பிறகென்ன எழுத்து?” என்றார்.

சபைக்குத் தெரிந்தது சட்டத்துக்குத் தெரியாது. மரணசாதனம் எதுவும் இல்லாத நிலையில் அவருடைய சகோதரர்களின் பிள்ளைகள் ஒன்பது பேர் உரித்தாளர் ஆயினர். அவர்கள் நான்கு நாடுகளில் வாழ்கின்றனர். அவர்களில் எவரையும் நான் குறைகூற மாட்டேன். சிலர் கொடுக்க விரும்பினர். சிலருக்கு மாமியின் விருப்பமே தெரிந்திருக்கவில்லை. எவ்வாறாயினும் ஒன்பது கையொப்பங்களும் ஒரு தாளில் வந்து சேரவில்லை. அந்த வளவு இன்று பற்றைக்காடாகக் கிடக்கிறது.

அதே தேவாலயத்தின் கூரை போரிலே சிதைந்தது. ஊருக்குத் திரும்ப அனுமதி கிடைத்ததும் புலம்பெயர்ந்த அன்பர்கள் பணம் சேர்த்து ஓராண்டுக்குள் புதிய கூரை போட்டுக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களின் பெயர்கள் கருங்கற் பலகையில் பொறிக்கப்பட்டு முகப்பிலே பதிக்கப்பட்டன. நன்றிக்குரிய செயலே. ஆனால், அந்தக் கூரையின் கீழே இப்போது ஞாயிறுதோறும் கூடுவோர் நாற்பது பேர்வரையில். அவர்களிற் பெரும்பாலானோர் முதியவர்கள். அவர்களின் காணிக்கை மின்கட்டணத்துக்கும் ஆலயப் பணியாளரின் சிறு சம்பளத்துக்குமே போதவில்லை. குருவானவர் மூன்று ஆலயங்களைக் கவனிக்கிறார். சிறுவர்களுக்குப் பாடம் சொல்ல ஆளில்லை. கூரைக்குக் கொடுக்க உலகெங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அதன் கீழே நடக்கவேண்டிய பணிக்குக் கொடுக்க ஒருவரும் இல்லை.

நமது கொடைப் பழக்கத்தின் குறை இதுவே என்பது எனது கருத்து. நாம் கண்ணுக்குத் தெரியும் பொருளுக்குக் கொடுக்கிறோம். ஒரே தடவையில் கொடுத்து முடித்துவிடுகிறோம். கட்டடம் நிற்கிறது. அதை உயிரோடு வைத்திருக்கும் ஆண்டுச் செலவுக்கு எவரும் பொறுப்பில்லை. இதற்கு மாற்றாக நான் முன்வைப்பது மூலநிதியம் ஒன்றையே. கொடுத்த முதலைத் தொடாமல், அதன் வருமானத்தை மாத்திரம் ஆண்டுதோறும் செலவிடும் நிதியம் அது. அந்த நிதியத்துக்கு மிகப் பொருத்தமான வருவாய், நமது மரணசாதனங்களில் ஒதுக்கப்படும் ஒரு பங்காகும்.

இதனை மேல்நாட்டாரின் புதுமை என்று எண்ணவேண்டாம். சோழர் காலத்துத் தமிழர், கோயிலில் நந்தாவிளக்கு எரிப்பதற்கு எண்ணெயையோ நெய்யையோ கொடுத்து நிறுத்திக்கொள்ளவில்லை, ஆடுகளையே கொடுத்தார்கள். கிழவை கழிந்தாலும் குட்டிகளால் மந்தையின் எண்ணிக்கை குறையாது காக்கப்படவேண்டும் என்பது ஏற்பாடு. அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் அழைக்கின்றன. முதல் அழியாதிருக்க, அதன் பயன் மட்டும் விளக்கில் எரிந்தது. திருகோணமலைக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரையில், அதாவது இராசராசப் பெரும்பள்ளியில், ஒரு பௌத்த தலத்துக்குப் பசுக்களும் விளக்குகளும் கொடுத்த செய்தியைத் தமிழ்க் கல்வெட்டுகளே கூறுகின்றன. யாழ்ப்பாணத்துக் கோயில்களுக்கு வயலைத் தர்மசாதனம் எழுதி வைத்தவர்களும் அந்த வழியில் வந்தவர்களே.

கிறிஸ்தவர்களுக்கோ இன்னொரு மரபும் உண்டு. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தனர். அந்த மிஷனின் தலைமைச் செயலாளராக விளங்கிய ரூஃபஸ் அன்டர்சனும், இங்கிலாந்துத் திருச்சபை மிஷனின் செயலாளர் ஹென்றி வென்னும், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே ஒரு கொள்கையை வலியுறுத்தினர். உள்ளூர்த் திருச்சபை தன்னைத் தானே ஆளவேண்டும், தானே பரப்பவேண்டும், தன் செலவைத் தானே தாங்கவேண்டும் என்பதே அது. சமைக்கும் வேளைதோறும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்த நம் பாட்டிமார், அந்தக் கொள்கையின் பெயரை அறியாமலே அதைச் செயற்படுத்தினார்கள். 1881இல் அரசாங்கம் அங்கிலிக்கன் திருச்சபைக்கு வழங்கிவந்த உதவியை நிறுத்தியபோது, அந்தத் திருச்சபையும் தன் காலில் நிற்கவேண்டி வந்தது. யாழ்ப்பாணக் கல்லூரிக்கென 19ஆம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்டு பொஸ்ரனில் நம்பிக்கைப் பொறுப்பாக வைக்கப்பட்ட நிதியோ, சேர்த்தவர்கள் மறைந்து நூறாண்டு கடந்த பின்னரும் பயன் தந்தது.

ஆகவே நமக்குக் குறைவது மரபன்று, கணக்கே. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். பத்து இலட்சம் ரூபாவை வங்கியில் நிலையான வைப்பிலிட்டு ஆண்டுக்கு 10 சதவீத வட்டி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு இலட்சம் ரூபா வருமானம். அதை முழுவதும் செலவிட்டால் என்ன நடக்கும்? விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுமானால், பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தப் பத்து இலட்சத்தின் வாங்கும் சக்தி பாதியாகிவிடும். மந்தையில் எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் ஆடுகள் மெலிந்துவிட்டன. அறுபதாயிரத்தை முதலோடு சேர்த்து, நாற்பதாயிரத்தை மட்டும் செலவிடுவதே முறை. 2022இல் நமது ரூபா டொலருக்கு ஏறத்தாழ 200இலிருந்து 360 வரை வீழ்ந்ததையும், அவ்வாண்டு செப்ரெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியதையும் நாம் அனுபவித்தோம். முழு முதலையும் ரூபா வைப்பில் மாத்திரம் போட்டு வைப்பது பாதுகாப்பு அல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இந்த யோசனைக்கு எதிராக மூன்று வாதங்களை நான் கேட்டிருக்கிறேன். மூன்றும் மதிக்கத்தக்கவை.

முதலாவது வாதம்: வட்டியில் வாழும் சபை சோம்பேறியாகிவிடும், காணிக்கை போடும் கை மடங்கிவிடும். இதில் உண்மை உண்டு. பெருஞ்செல்வம் படைத்த தேவாலயங்கள் ஆட்களின்றி வெறுமையாய்க் கிடப்பதை ஐரோப்பாவில் காணலாம். எனவே நிதியத்தின் வருமானம் அன்றாடச் செலவின் முழுமையையும் ஒருபோதும் ஏற்கக் கூடாது. சபையார் தாங்கவேண்டியதைச் சபையாரே தாங்கட்டும். நிதியம், அவர்களால் இயலாததை மட்டும் தாங்கட்டும். சிறுவர்களுக்குப் பாடம் சொல்பவரின் படி, இறையியல் கற்கச் செல்லும் இளைஞரின் செலவு, ஓய்வுபெற்ற ஊழியரின் மருந்துச் செலவு ஆகியவை அத்தகையவை. பணம் கல்லைக் காக்காமல் ஆட்களைக் காக்கவேண்டும்.

இரண்டாவது வாதம்: யாரை நம்பிக் கொடுப்பது? இதுவே கடினமான கேள்வி. நிதி நிருவாகத்தில் நூற்றாண்டுக்கணக்கில் அனுபவமுள்ள இங்கிலாந்துத் திருச்சபையின் ஆணையாளர்கள்கூட, 1990களின் தொடக்கத்தில் கட்டட, காணி முதலீடுகளில் ஏறத்தாழ 800 மில்லியன் பவுணை இழந்தனர். அந்த இழப்பின் பின்னர், குருமாரின் எதிர்கால ஓய்வூதியச் சுமை சாதாரணச் சபையார்மீது வந்து விழுந்தது. 1704இல் தொடங்கிய அரசி ஆன் நிதியம் அடிமை வியாபாரத்தோடு தொடர்புடைய கம்பனி ஒன்றில் முதலிட்டிருந்தது என்பதை ஒப்புக்கொண்டு, 2023 ஜனவரியில் அதே ஆணையாளர்கள் 100 மில்லியன் பவுணைப் பரிகாரப் பணிகளுக்கு ஒதுக்குவதாக அறிவித்தனர். பணம் எங்கே போடப்படுகிறது என்று கேளாத சபை, முன்னூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அதற்குப் பதில் சொல்லவேண்டி வரும்.

எனவே சில நிபந்தனைகளைச் சொல்கிறேன். நிதியத்தின் கணக்கு, ஆலயத்தின் பொதுக் கணக்கிலிருந்து வேறாக இருக்கவேண்டும். நம்பிக்கைப் பொறுப்பாளர்கள் ஐந்து பேராவது வேண்டும். குருவானவர் ஒருவரின் கையொப்பத்தில் பணம் எடுக்க முடியாதிருக்க வேண்டும். பெண்களும் இளைஞரும் அதில் இடம்பெற வேண்டும். ‘கடனாக எடுத்துப் பின்னர் போடுவோம்’ என்ற பேச்சுக்கு இடமே இருக்கக் கூடாது. எத்தனையோ நிதிகள் அந்த வாக்கியத்தோடுதான் அழிந்தன. வெளியாரால் கணக்காய்வு செய்யப்பட்ட அறிக்கை ஆண்டுதோறும் சபைக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டு, ஆலய அறிவித்தற் பலகையில் ஒட்டப்பட வேண்டும். கருங்கல்லில் பெயர் பொறிப்பதற்குக் காட்டும் அக்கறையில் பாதியை இந்தக் கடதாசிக்குக் காட்டினால் போதும்.

மூன்றாவது வாதம்: பிள்ளைகளுக்குரியதை எடுத்துக் கொடுப்பது முறையா? முறையன்று. பிள்ளைகளைக் கைவிட்டு ஆலயத்துக்குக் கொடுக்கும்படி நான் சொல்லவில்லை. உள்ள கடமைகள் யாவும் முடிந்தபின் எஞ்சுவதில் பத்திலொரு பங்கு, அல்லது இருபதிலொரு பங்கு என்றே சொல்கிறேன். அதையும் பிள்ளைகளை இருத்திவைத்து, வாய்விட்டுப் பேசி, அவர்கள் அறியவே எழுதவேண்டும். தந்தையின் விருப்பத்தை நொத்தாரிசின் வாயால் முதன்முதலாகக் கேட்கும் மகனுக்கு, அது கொடையாகத் தோன்றாது; வஞ்சனையாகவே தோன்றும்.

சட்டம் இதற்குத் தடையாக இல்லை. மரணசாதனம் எழுதும் சுதந்திரத்தை 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு, அல்லது நொத்தாரிசு இல்லாவிடின் ஒரே வேளையில் உடனிருக்கும் ஐந்து சாட்சிகள் முன்னிலையில், அது கையொப்பமிடப்பட வேண்டும். தேசவழமைக்கு உட்பட்டவர்கள், தேடியதேட்டத்தில் வாழ்க்கைத் துணைக்குரிய பாதியைத் தாம் எழுதிவைக்க இயலாது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். வெறுமனே ‘எங்கள் ஊர்த் தேவாலயத்துக்கு’ என்று எழுதினால் வழக்குக்கே வழி பிறக்கும். ஆதனத்தைச் சட்டப்படி ஏற்கக்கூடிய பேராயத்தின் அல்லது நம்பிக்கைப் பொறுப்பின் முழுப் பெயரையும் சட்டத்தரணியிடம் கேட்டு எழுதவேண்டும். ஒருநாள் அந்த ஊரில் சபையே இல்லாது போகுமானால், அந்தப் பணம் எந்தப் பணிக்குச் செல்லவேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுவது நல்லது. சொல்லக் கசப்பான வாக்கியந்தான். ஆனால் மரண அறிவித்தல்களை வாசிப்பவன் அதைத் தவிர்க்க முடியாது.

பிரித்தானியாவில் வாழும் அன்பர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே தர்ம நிறுவனத்துக்கு எழுதி வைக்கும் கொடைக்கு மரணவரி இல்லை. நிகர ஆதனத்தில் பத்திலொரு பங்கையாவது அவ்வாறு ஒதுக்கினால், வரிக்குரிய மிகுதிக்கான வரிவீதமும் 40 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாகக் குறையும். ஆயினும் 2024 ஏப்ரலிலிருந்து இந்தச் சலுகை அந்நாட்டுத் தர்ம நிறுவனங்களுக்கு மாத்திரமே உரியது. எனவே, இங்குள்ள ஆலயத்துக்கு நேரடியாக எழுதாமல், அங்கு பதிவுபெற்ற தர்ம நிறுவனம் ஒன்றின் ஊடாக எழுதுவது குறித்துச் சட்ட ஆலோசனை பெறவேண்டும்.

இவற்றையெல்லாம் பிறருக்குச் சொல்லிக்கொண்டு நானே சும்மா இருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆசிரியையின் வளவைக் கடந்து செல்லும்போதெல்லாம் உறுத்திக்கொண்டிருந்த அந்த வேலையைச் சென்ற மாதந்தான் முடித்தேன். பத்திரிகைக்காரனின் ஆதனம் எவ்வளவு என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம். எழுதி முடிக்க ஒரு பிற்பகல்கூடச் செல்லவில்லை. கையொப்பமிடும்போது நொத்தாரிசு என்னிடம், “வீட்டில் சொல்லிவிட்டீர்களா, ஐயா?” என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். அப்போது ரீச்சரை நினைத்துக்கொண்டேன். அவரிடம் நான் கேட்டதோடு நின்றுவிட்டேன். கையைப் பிடித்து ஒரு நொத்தாரிசிடம் அழைத்துப் போயிருக்கலாம்.

இதை வாசிக்கும் உங்களுக்கும் அப்படி ஒரு ரீச்சர், ஒரு பெரியப்பா, ஓர் அம்மம்மா இருக்கக்கூடும். அவர்களின் பெயர் ஞாயிறு இதழில் வருவதற்கு முன்னர், ஒரு வார நாளில் அவர்களை அழைத்துச் செல்லுங்கள்.